தற்சார்புப் பண்ணையின் அன்றாட வேலைகள்: எதை நேரத்துக்குக் கட்டுவது, எதற்குக் கயிறு விடுவது?

வரப்போரம் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். இடம் ஒரு ஏக்கர். கறவையில் ஒரு மாடு, இரு வேளையும் சேர்த்துப் பத்து லிட்டர் வருது. அதோட ரெண்டு மாசக் கன்று, ஒரு கிடேரி, ஆறு ஆடு, 25 முட்டைக்கோழி, ரெண்டு தேனீப்பெட்டி, சொட்டுநீர் போட்ட பத்துப் பாத்தி காய்கறி. வேலை செய்ய ரெண்டே பேர். ஒருத்தருக்கு வெளியே ஷிஃப்ட் வேலை: ஒரு வாரம் காலை 6 முதல் 2 வரை, அடுத்த வாரம் மதியம் 2 முதல் இரவு 10 வரை. இன்னொருத்தர் வாரத்துல ரெண்டு நாள் மதியம் கிளம்பினா இரவு 8 மணிக்குத்தான் வீடு திரும்புவார்.

மணிவாரியா அட்டவணை எழுதிச் சுவத்துல ஒட்டினோம். மூணாவது நாளே உடைஞ்சு போச்சு. ஒரு மழை, ஒரு ஆட்டுக்குக் கழிச்சல், அவ்வளவுதான், அன்னிக்கு மொத்தமும் சரிஞ்சுடுது. சரி, அட்டவணையே வேண்டாம்னு விட்டா, ஃபில்டர் அடைச்சுக்குது, நாற்று காயுது, வெண்டை முத்திடுது, பாலும் ஒரு லிட்டர் குறைஞ்சிருக்கு.

என் கேள்விகள்: எந்த வேலைக்கு நேரம் மாறவே கூடாது, எதை எவ்வளவு தூரம் தள்ளலாம்? ஷிஃப்ட் மாறும் வாரத்துல கறவையை எப்படிச் சமாளிக்கிறது? டைமர், தானியங்கிக் கதவு இதெல்லாம் வாங்கினா பாரம் குறையுமா?

தொழுவம்:

உங்கள் அட்டவணை எல்லா வேலையையும் ஒரே நீளக் கயிற்றில் கட்டியிருக்கிறது. அதனால்தான் ஒன்று இழுத்தால் எல்லாம் சேர்ந்து சரிகிறது. ஆட்டை முளையில் கட்டும்போது மேய்ச்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தானே கயிறு விடுகிறோம்? வேலைகளையும் அப்படிப் பாருங்கள். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி போதும். தள்ளிப்போட்டால் எத்தனை மணி நேரத்தில் கெடுதல் தொடங்கும்? அந்தக் கெடுதல் பிறகு சரியாகுமா, ஆகாதா?

முதலில் பால். பலரும் நினைப்பதுபோல மாட்டுக்குக் கடிகாரம் முக்கியமில்லை. இரண்டு கறவைக்கு நடுவிலுள்ள இடைவெளியும், கறக்கும் முறையும்தான் முக்கியம். 12 மணிக்கு 12 மணி உத்தமம். 10க்கு 14 என்றாலும் நாள் மொத்தத்தில் பெரிய குறைவு தெரியாது. பத்து லிட்டர் மாட்டுக்கு 8க்கு 16 கூட எப்போதாவது ஒரு நாள் தாங்கும். 16 மணி நேரத்தைத் தாண்டினால் மடியில் அழுத்தம் ஏறி, பால் சுரக்கும் வேகமே குறையத் தொடங்கும். அது ஒரு நாள் நடந்தால் பரவாயில்லை. வாரம் இரண்டு மூன்று முறை நடந்தால் மாடு அந்தக் குறைந்த அளவிலேயே நின்றுவிடும். நீங்கள் சொல்லும் ஒரு லிட்டர் குறைவுக்கு இது காரணமாக இருக்கலாம். கூடவே தண்ணீர், தீவன அளவு, மடிநோய் மூன்றையும் சோதியுங்கள்.

இரண்டாவது காரணம் கறக்கும் முறை. மடியைக் கழுவித் துடைத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் இறங்கும். அந்த இறக்கம் ஏறக்குறைய 5 முதல் 8 நிமிடம்தான் நிற்கும். கழுவிவிட்டு வாளி தேடப் போனால், தொலைபேசி எடுத்துப் பேசினால், அந்த நேரம் வீணாகிறது. மீதிப் பால் மடியிலேயே தங்கும். எனவே மணி மாறினாலும் வரிசை மாறக்கூடாது: வாளி, துணி, காம்பு முக்கும் மருந்து எல்லாம் முதலில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கழுவி, துடைத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நான்கு பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரிதிரியாக வருகிறதா என்று பார்த்து, உடனே கறக்க வேண்டும். பிறகு காம்புகளை மருந்தில் முக்க வேண்டும். கறந்து முடிந்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். அதனால் பசுந்தீவனத்தைக் கறந்த பிறகு போடுங்கள், நின்றுகொண்டே தின்னும். இந்த ஒரு பழக்கத்துக்கு விலக்கே வேண்டாம்.

கறப்பது இரண்டு பேரில் யாராக இருந்தாலும் மேற்சொன்ன வரிசை ஒன்றாகவே இருக்கட்டும். ஒருவர் மட்டுமே கறந்து பழகிய மாடு இன்னொருவரிடம் பாலை அடக்கிக்கொள்ளும். வாரத்தில் இரண்டு வேளையாவது ஆள் மாறிக் கறந்தால் இந்தச் சிக்கல் வராது.

இனி ஷிஃப்ட். வாராவாரம் நேரத்தை மாற்ற வேண்டாம், இரண்டு வாரத்துக்கும் ஒத்துவரும் நேரத்தைப் பிடியுங்கள். காலை 5, மாலை 4 என்று வைத்தால் இடைவெளி 11, 13. காலை ஷிஃப்ட் வாரத்தில் வெளியே போகிறவர் கறந்துவிட்டுக் கிளம்பலாம், மாலைக்கும் வீட்டில் இருப்பார். மதிய ஷிஃப்ட் வாரத்தில் இரண்டு வேளையும் இன்னொருவர் பொறுப்பு. இரவு பத்துக்கு மேல் வருகிறவரை விடியற்காலை ஐந்துக்கு எழுப்பாதீர்கள். தூக்கம் குறைந்தவர் கையில் கதவு தாழ் மறக்கும், தீவன அளவு தவறும். அந்த வாரம் அவருக்கு 9 மணிக்கு மேல் தொடங்கும் வேலைகளை ஒதுக்குங்கள்.

மிஞ்சுவது மதிய ஷிஃப்டும் வெளியூர் நாளும் சேரும் இரண்டு நாள். காலை 5க்குக் கறந்தால் அடுத்த கறவை இரவு எட்டரை, பதினைந்தரை மணி நேரம். இதற்குக் கன்றுதான் விடை. இரண்டு மாதக் கன்று நன்றாகக் குடிக்கும். கிளம்பும்போது அதைத் தாயோடு விட்டுவிட்டுப் போங்கள், மாலைக் கறவையை விட்டுவிடலாம். திரும்பி வந்து நான்கு காம்பையும் தொட்டுப் பாருங்கள். கன்று தனக்குப் பிடித்த இரண்டு காம்பிலேயே குடித்துவிட்டு மற்றதை விட்டிருக்கும். இறுகியிருக்கும் காம்பை மட்டும் கையால் கறந்து விடுங்கள். கன்றைப் பிரித்துக் கட்டி, மறுநாள் காலை வழக்கம்போலக் கறக்கலாம். அன்று வழக்கத்தைவிடப் பால் மொத்தமாகக் குடிப்பதால் கன்றுக்குக் கழிச்சல் வரலாம், சாணத்தைக் கவனியுங்கள். ஒரு பகல் முழுக்கத் தாயோடு விடுவதை முதலில் வீட்டில் ஆள் இருக்கும் நாளில் செய்து பழக்குங்கள்.

ஒருவேளைக் கறவைக்கே நிரந்தரமாக மாறலாமா என்று பின்னால் தோன்றும். மாறலாம், ஆனால் மொத்தப் பாலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். ஈன்ற முதல் இரண்டு மாதத்தில் மாற வேண்டாம், ஏற்கெனவே மடிநோய் உள்ள மாட்டிலும் வேண்டாம்.

கோழிக்குக் கயிறு வேறு மாதிரி. தீவனம் இரண்டு மூன்று மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் ஒரு நாள் முழுக்க நின்றால் முட்டை விழுந்துவிடும், பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். ஒரு கோழிக்கு நாளைக்குக் கால் லிட்டர், வெயிலில் அதைப்போல இரண்டு மடங்கு. அந்தியில் கதவு அடைப்பது மட்டும் தள்ளவே முடியாத வேலை. கீரியோ நாயோ வருவதற்கு ஒரு இரவு போதும், அந்த இழப்பைத் திரும்பப் பெற முடியாது. காலையில் திறப்பது ஒரு மணி நேரம் தாமதமானால் சத்தம்தான் போடும்.

செயற்கை விளக்கு வைத்து வெளிச்ச நேரத்தை 14 முதல் 16 மணியாக நீட்டியிருந்தால் அதில் விளையாடக் கூடாது. திடீரென்று நான்கு நாள் விளக்கு எரியாமல் போனால் பகல் சுருங்கிவிட்டது என்று கோழி இறகு உதிர்க்கத் தொடங்கும். கூடுதல் வெளிச்சத்தை விடியலுக்கு முன் கொடுங்கள். மாலையில் கொடுத்தால் விளக்கு சட்டென்று அணையும்போது கோழிகள் தடிமேல் ஏறாமல் தரையிலேயே தங்கிவிடும்.

ஈரமண்:

தோட்டத்தப் பத்தி நான் சொல்றேன். இங்க கடிகாரமும் வேண்டாம், கிழமையும் வேண்டாம். "திங்கள்: களை, செவ்வாய்: உரம்"னு எழுதுறதுதான் மொதல் தப்பு. மழைக்கு மறுநாள் களை கொத்தினா அது அப்படியே ஈரத்துல மறுபடி வேர் பிடிச்சுக்கும், அரை நாள் உழைப்பு வீண். களை வெள்ளை நூல் மாதிரி மண்ணுக்குள்ள இருக்கும்போதே, மேல் மண் காய்ஞ்ச ஒரு வெயில் நாள் காலையில, ரெண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ள சுரண்டிவிட்டா மதியத்துக்குள்ள செத்துரும். பாத்திக்குப் பத்து நிமிஷம் ஆகாது. அதையே மூணு வாரம் விட்டா ஒவ்வொண்ணாக் கையால பிடுங்கணும். அதனால எழுதும்போது கிழமைக்குப் பதிலா நிலைமையை எழுதுங்க: "மேல்மண் காய்ந்த காலை: களை. மழை நாள்: கருவி தீட்டல், விதை பிரித்தல், வால்வு பழுது. மேகமூட்டமான மாலை: நாற்று நடவு. காற்றில்லாத அந்தி: தெளிப்பு." காலையில வெளியே வந்து மண்ணையும் வானத்தையும் பார்த்து எந்த வரின்னு முடிவு பண்ணுங்க. வேலை விட்டுப் போகாது, நாள்தான் மாறும்.

தோட்டத்துல உண்மையிலேயே கயிறு குட்டையா இருக்கிறது ரெண்டுக்குத்தான்.

ஒண்ணு நாற்றுத்தட்டு. குழியில மண் கொஞ்சம், வெயில் நாள்ல அரை நாளே தாங்காது. வீட்ல ஆள் இல்லாத நாளுக்குத் தட்டை நிழலுக்கு மாத்துங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு அகலத் தொட்டியில ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி விட்டு, தட்டை அதுல அரை மணி நேரம் வச்சுக் கீழிருந்து உறிஞ்ச விட்டு எடுத்துடுங்க. நாள் முழுக்கத் தண்ணியிலயே விட்டா வேர் மூச்சு முட்டும், தண்டு அடி அழுகும். நாற்றே போடாத வாரம்னு சிலதை ஒதுக்குறதும் நல்லது, வருஷம் முழுக்கத் தட்டு வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல.

ரெண்டு, காய்ச்சுக்கிட்டே இருக்கிற செடிகள். வெண்டை பூத்த நாலஞ்சு நாள்ல பறிக்கணும், ஆறேழு நாளானா நார். பீன்ஸ், வெள்ளரி, இதெல்லாம் அதே ஜாதி. முத்தின காய் ஒண்ணு செடியில நின்னாலே விதை முத்திடுச்சுன்னு செடி புதுப் பூவைக் குறைச்சிடும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பறிக்க முடியாதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, பிஞ்சா இருக்கிறதையும் சேர்த்து முந்தின நாளே பறிச்சுடுங்க. பிந்திப் பறிக்கிறதைவிட முந்திப் பறிக்கிறது எப்பவும் நட்டம் கம்மி. தக்காளி லேசா நிறம் மாறினதும் பறிச்சு வீட்டுக்குள்ள பழுக்க வைக்கலாம். கேரட், பீட்ரூட், கிழங்கு எல்லாம் மண்ணுக்குள்ளேயே ஒண்ணு ரெண்டு வாரம் காத்திருக்கும். அப்ப என்ன பண்ணலாம்? ஷிஃப்ட் நெருக்கடி ஓயாது, பத்துப் பாத்தியில வெண்டை-பீன்ஸ் வகைக்கு மூணு பாத்திக்கு மேல போடாதீங்க. மீதி ஏழும் காத்திருக்கிற பயிரா இருக்கட்டும். தினசரி நெருக்கடியைப் பாதியாக் குறைக்கிறது இந்த நடவுத் திட்டம்தான், அட்டவணை இல்ல.

சொட்டுநீர் டைமர் வாங்குங்க, தாராளமா. ஆனா எப்படிக் கெடும்னு தெரிஞ்சு வாங்குங்க. பேட்டரியில ஓடுற வால்வு பெரும்பாலும் கடைசியா இருந்த நிலையிலேயே நிக்கும். திறந்திருக்கும்போது பேட்டரி தீர்ந்தா தொட்டி காலியாகும் வரைக்கும் ஓடும். கரண்ட்ல ஓடுற சாதாரண வால்வு கரண்ட் போனா மூடிக்கும், அப்ப செடி காயும். ரெண்டுல எது உங்க இடத்துல அதிக நட்டம்னு யோசிச்சு எடுங்க. பேட்டரியைத் தீர்ந்த பிறகு மாத்தாதீங்க, ஒவ்வொரு பருவத் தொடக்கத்துலயும் புதுசு போடுங்க.

ஃபில்டர் 120 மெஷ் (வலையோட கண் அளவு) போதும். வாரம் ஒரு தடவை கழட்டிப் பழைய பல்தூரிகையால தேய்ச்சுக் கழுவுங்க. குளத்துத் தண்ணின்னா ரெண்டு தடவை. மாசம் ஒரு தடவை லேட்டரல் குழாய்களோட (பாத்தி வழியா ஓடுற சின்னக் குழாய்) கடைசி மூடியைத் திறந்து, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ஓட விடுங்க. டைமர் ஓடுற சத்தம் கேட்டா தண்ணி போகுதுன்னு அர்த்தம் இல்ல. கடைசிச் செடிக்குப் பக்கத்துல விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்க. அங்க ஈரம் இருந்தா குழாயோட கடைசி வரைக்கும் தண்ணி போகுதுன்னு அர்த்தம்.

மூடாக்கு பத்தி ஒரே வரி: வைக்கோல்னா ஏழெட்டு சென்டிமீட்டர், தண்டை ஒட்டாம நாலு விரல் இடைவெளி. இது இருந்தா ஒரு நாள் தண்ணி தவறினாலும் வளர்ந்த செடி வாடாது.

கூடுதிறப்பான்:

இதுவரை சொன்னவற்றில் ஒரு வகை விடுபட்டிருக்கிறது. ஒரு நிகழ்விலிருந்து நாள் எண்ண வேண்டிய வேலைகள். இவை தினமும் வராது, அதனால் மறந்துபோகும். வரும் நாளில் தள்ளவும் முடியாது.

தேனீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ராணியறையில் முட்டை விழுந்து ஏறக்குறைய எட்டாம் நாள் அறை மூடப்படும், பதினாறாம் நாள் ராணி வெளிவரும். அறை மூடப்படும் சமயத்தில்தான் கூட்டம் பிரிந்து பறக்கும். ஆகவே கூட்டம் பிரியும் பருவத்தில் ஏழு நாளுக்கு ஒரு முறை பெட்டியைப் பார்த்தாக வேண்டும். பத்து நாள் என்று நீட்டினால் ஒரு முழு ராணியறை நம் கண்ணில் படாமலே வளர்ந்து மூடிவிடும். பருவம் முடிந்ததும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும், வாசலில் நின்று போக்குவரத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரே வேலைக்கே கயிற்றின் நீளம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது பாருங்கள்.

கிடேரி பருவத்துக்கு வந்தால் காலை ஒரு முறை, அந்தியில் ஒரு முறை இருபது நிமிடம் நின்று பார்ப்பதைத் தினசரிச் சுற்றிலேயே சேர்த்துவிடுங்கள். மற்ற மாடு மேலே ஏறும்போது நகராமல் நின்றால் அதுதான் சரியான அடையாளம். அந்த நிலை அரை நாள் முதல் முக்கால் நாள் வரைதான் இருக்கும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை கருவூட்டல். தவறவிட்டால் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

கருவூட்டல் ஆன அன்றே மூன்று தேதியை எழுதிவிடுங்கள்: 21ஆம் நாள் மீண்டும் பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்க, ஈனும் தேதி சுமார் 280 நாள், கறவை மாடாக இருந்தால் அதற்கு 60 நாள் முன்பாகப் பால் வற்ற விடும் தேதி. ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள், ஐந்து நாள் முன்பின் ஆகலாம். இந்தக் கணக்கைச் செய்தபின், ஈனும் வாரம் நடவு வாரத்தோடு மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் கிடாயைச் சேர்க்கும் தேதியை மூன்று வாரம் தள்ளுங்கள். ஆறு ஆடும் ஒரே பத்து நாளில் ஈன்றால் அந்தப் பத்து நாள் கடினம், பிறகு நிம்மதி. ஆறு மாதத்துக்குச் சிதறி ஈன்றால் ஆறு மாதமும் அரைத் தூக்கம்.

ஈனும் நாளில் அட்டவணை என்ற பேச்சே கிடையாது. ஆடு நன்றாக முக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் எதுவும் நகரவில்லை என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். குட்டி விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று கிலோ குட்டிக்கு 300 மில்லி, முதல் நாளுக்குள் பல தவணையில். 24 மணி நேரம் கழித்துக் கொடுக்கும் சீம்பால் வயிற்றை நிரப்பும், எதிர்ப்புச் சக்தியாக ரத்தத்தில் சேராது.

அடைகாப்புப் பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால்: 21 நாள், முதல் 18 நாள் தினமும் மூன்று முறையாவது திருப்ப வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் முட்டை இரவு முழுக்க ஒரே பக்கம் படுத்திருப்பது நாள்தோறும் மாறும். உங்கள் ஷிஃப்டுக்குத் தானாகத் திருப்பும் பெட்டி இல்லாமல் இறங்காதீர்கள். அடைக்கோழியிடம் விட்டால் அது நம்மைவிட ஒழுங்காகச் செய்யும்.

வரப்போரம்:

ரொம்ப நன்றி. நடவுத் திட்டத்துலயே நெருக்கடியைக் குறைக்கலாம்ங்கிறது தோணவே இல்ல. ரெண்டு விஷயம் மட்டும் இன்னும் கேட்கணும். காய்ச்சல்னு ஒருத்தர் படுத்துட்டா, குறைஞ்சபட்சம் எதைச் செய்தா போதும், எத்தனை நாள் அப்படி ஓட்டலாம்? பக்கத்துல ஒருத்தர்கிட்ட ரெண்டு நாள் ஒப்படைச்சுட்டுப் போறதுன்னா எப்படி எழுதி வைக்கிறது?

அளவுகோல்:

ஒப்படைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கேதான் அதிக விபத்து நடக்கிறது.

"மாட்டுக்கு இரண்டு டப்பா, ஆட்டுக்கு ஒரு டப்பா" என்று எழுதி வைக்காதீர்கள். ஒரு லிட்டர் டப்பாவில் கோதுமைத் தவிடு கால் கிலோவுக்குள்தான் பிடிக்கும். அதே டப்பாவில் முழு மக்காச்சோளம் 700 கிராம் வரை நிற்கும். வந்தவர் மூட்டை மாற்றி அள்ளினால் ஆட்டுக்கு மூன்று மடங்கு தானியம் போய்விடும். அசையூண் வயிற்றில் புளிப்பு ஏறி, இரண்டு நாளில் ஆடு சாகக்கூட நேரும். ஒவ்வொரு தீவனத்துக்கும் தனி டப்பா வைத்து, எடை போட்டுப் பார்த்து, டப்பாவின் உட்புறம் அழியாத மையில் கோடு போட்டு, அந்த மூட்டைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். இன்னும் நல்லது, போகுமுன் வேளைக்கு ஒரு பையாக எடைபோட்டுக் கட்டி, மேலே "வெள்ளி மாலை, மாடு" என்று எழுதி வைத்துவிடுவது. தானிய அறைக்குப் பூட்டு போடுங்கள். ஆளில்லாத நாளில்தான் ஆடு தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொள்ளும்.

நீங்கள் இல்லாத நாளில் புதுத் தீவனத்தைத் தொடங்காதீர்கள். தீவன மாற்றத்துக்கு 7 முதல் 10 நாள் கலந்து கலந்து கொடுக்க வேண்டும்.

தாளில் மணியை எழுத வேண்டாம். நடக்கும் வழியை எழுதுங்கள். வாசலில் தொடங்கி, எந்தக் கதவு, அங்கே என்ன பார்ப்பது, என்ன செய்வது, அடுத்த கதவு. சுற்று முடிந்து அதே வாசலுக்கு வர வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு எண் எழுதச் சொல்லுங்கள்: கோழி எத்தனை உள்ளே, ஆடு எத்தனை நிற்கிறது, பால் எத்தனை லிட்டர், தொட்டியில் தண்ணீர் எத்தனை விரல் குறைந்தது. எண்ண வேண்டியிருந்தால் ஆள் நின்று பார்ப்பார். "எல்லாம் நல்லா இருக்கு" என்பதில் எதுவும் தெரியாது. இந்த எண்களை உங்களுக்கும் வழக்கமாக்குங்கள். மாடு பால் ஒரு லிட்டர் குறைந்தது எந்தத் தேதியிலிருந்து என்று தெரிந்தால் காரணம் பாதி கிடைத்த மாதிரி.

டைமர் பற்றி ஈரமண் சொன்னதோடு, தானியங்கிக் கதவு பற்றியும் சிறிது சேர்க்க வேண்டும். வெளிச்ச உணரி மட்டும் உள்ள கதவு, இருண்ட மழை மாலையில் முன்னதாகவே மூடிக்கொள்ளும். நாலு கோழி வெளியே நிற்கும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் மூடவே மூடாது. சூரியன் மறைந்த 20 முதல் 30 நிமிடத்துக்குப் பிறகு மூடும்படி நேரத்தையும் அமைக்கக்கூடிய கதவாகப் பாருங்கள். கதவு ஓடும் பள்ளத்தில் மரத்தூள் சேர்ந்தால் பாதியில் நிற்கும், வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும். கதவு வந்துவிட்டது என்று இரவு எண்ணுவதை நிறுத்திவிடக் கூடாது. கருவி வாங்குவது உங்கள் கைக்கு ஓய்வு கொடுக்கத்தான், கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் நோயைப் பிந்தித்தான் பார்ப்போம். இந்தக் காரணத்தால், எல்லாவற்றுக்கும் டைமர் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தண்ணீருக்கு மிதவை வால்வு, தோட்டத்துக்கு டைமர், கோழிக்குக் கதவு, இவற்றோடு நிறுத்தலாம். தீவனம் கையால் போடுங்கள். தீவனத்துக்கு எழுந்து வராத ஆடுதான் முதல் அறிகுறி. அதை எந்தக் கருவியும் சொல்லாது.

தொழுவம்:

காய்ச்சல் நாளுக்கு:

1. எல்லாத் தண்ணீர்த் தொட்டியும் பார்ப்பது.
2. கறவை, அல்லது கன்றை விட்டுவிடுவது.
3. தீவனம். அளவு மாறாமல்.
4. நாற்றுக்குத் தண்ணீர்.
5. அந்தியில் கோழி எண்ணிக் கதவு அடைப்பது.
6. ஒவ்வொரு உயிரையும் ஒரு முறை கண்ணால் பார்ப்பது.

ஒருவரே செய்தால் காலையில் 45 நிமிடம், மாலையில் 30 நிமிடம். முட்டை ஒரு வேளை எடுத்தால் போதும். சாணம் அள்ளாமல் மேலே காய்ந்த வைக்கோல் ஒரு படுக்கை போட்டுச் சமாளிக்கலாம், மாடு படுக்கும் இடத்தில் மட்டும் ஈரம் தெரியக் கூடாது. இப்படி மூன்று நாள் ஓடும். நான்காம் நாள் வெளி ஆள் வேண்டும். அதற்குமேல் படுக்கை ஈரத்தால் மடிநோயும், கோழிக்கூட்டில் மூக்கைத் துளைக்கும் நெடியும் தொடங்கும்.

இந்த மூன்று நாளைத் தாங்கக் கையிருப்பு வேண்டும். உங்கள் கணக்கு: கறவை மாட்டுக்கு 80 லிட்டர், கிடேரிக்கும் கன்றுக்கும் 45, ஆறு ஆட்டுக்கு 45, கோழிக்கு 10. ஆக நாளுக்கு 180 லிட்டர். மூன்று நாளுக்கு 540. வெயில் காலத்துக்கும் சேர்த்து ஆயிரம் லிட்டர்த் தொட்டி, கரண்ட் இல்லாமலே கீழே இறங்கும் உயரத்தில். கோழித் தீவனம் தலைக்கு 120 கிராம் என்றால் நாளுக்கு 3 கிலோ, இரண்டு வாரத்துக்கு 42 கிலோ. அரைத்த தீவனத்தை ஒன்றரை மாதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். மிதவை வால்வு ஒன்று, குழாய் இணைப்பு நான்கு, சொட்டுநீர்க் குழாய் ஓட்டையடைப்பான் ஒரு கைப்பிடி, கதவுக்கும் டைமருக்கும் பேட்டரி, காம்பு மருந்து ஒரு புட்டி எப்போதும் உபரியாக இருக்கட்டும். அவசரத்தில் அரை நாளைத் தின்பது பழுது பார்க்கும் நேரமில்லை, பாகம் வாங்கப் போய் வரும் நேரம்.

உடல் தேறியபின் தேங்கிய வேலையை எழுதியிருக்கும் வரிசையில் தொடங்காதீர்கள். நாளாக ஆகப் பெருகுவதை முதலில் பிடியுங்கள்: விதை கட்டப்போகும் களை, முத்தும் காய், ஈரப் படுக்கை, ஃபில்டர். வேலி வெட்டுவது, மட்கு உரம் புரட்டுவது எல்லாம் அப்படியே நிற்கும், பெருகாது. மட்கு உரக் குவியலைத் தாமதமாகப் புரட்டினால் மெதுவாக மட்கும், அவ்வளவே.

வாரத்தில் இரண்டு அரைநாளை எந்த வேலையும் எழுதாமல் காலியாக விடுங்கள். மழை, பழுது, கழிச்சல் ஆடு எல்லாம் அங்கே போய் விழும். அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது உங்கள் ஓய்வு. வேலை கொண்டுவந்து நிரப்ப வேண்டாம்.

ஈரமண்:

ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. காய்ந்த புல் சேமிக்கிறீங்கன்னா, அதுக்குக் காலி அரைநாள் பத்தாது. மூணு நாலு நாள் தொடர்ந்து வெயில் வரும்னு தெரிஞ்சாத்தான் அறுக்கணும். பனி காய்ஞ்ச பிறகு புரட்டணும். கைப்பிடி எடுத்து முறுக்கினா தண்டு நொறுங்கணும். வளைஞ்சு கொடுத்தா இன்னும் ஈரம் இருக்கு. ஈரத்தோட அடுக்கினா உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், பெரிய போர்னா தீயே பிடிக்கும். அடுக்கின ரெண்டு மூணு வாரத்துக்குப் போருக்குள்ள ஒரு இரும்புக் கம்பியைச் சொருகி வச்சு, தினமும் மாலைச் சுற்றுல உருவித் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு இருந்தா நீங்களே பிரிக்கப் போகாதீங்க. உள்ளே காத்துப் பட்டதும் பத்திக்கும், அதனால தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டுத் தண்ணியைத் தயாரா வச்சுட்டுத்தான் தொடணும்.